ரவாங்குக்கு ஒரே ஒரு கட்டம்

பிரிக்பீல்ட்ஸ்
3 மார்ச் 2025

மதிப்புக்குரிய சம்பந்தி இராஜம்மா அவர்களுக்கு,

குணேஸ்வரி எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன சொல் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேணும்.

தைப்பூசம் கழிந்த ஞாயிறன்று எங்கள் வீட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு அவசரமாகப் புறப்பட்டீர்கள் அல்லவா? மேசையில் வரைபடம் விரித்து ஆடிய ரயில் விளையாட்டில் உங்கள் கையிலிருந்த அட்டைகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். வண்ண அட்டைகள், ஊர்ச் சீட்டுகள், எல்லாமே. அது மகன் அருணன் ஆசையாக வாங்கியது. ஒரு அட்டை குறைந்தாலும் அந்த விளையாட்டு உதவாது. தயவுசெய்து தபாலில் அனுப்பிவையுங்கள்.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் போன முறை நாம் தொலைபேசியில் கதைத்தது எப்படி முடிந்தது என்று உங்களுக்கே தெரியும். வாட்ஸ்அப்பில் எழுதினால் இன்னும் மோசம், கோபம் ஆறுவதற்குள் விரல் அனுப்பிவிடும்.

என் மகன் ரவாங் வீட்டில் தனியாக இருக்கிறான். மலர்விழி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? என் அழைப்பை அவள் எடுப்பதில்லை. வேலையாக இருப்பாள்.

இப்படிக்கு,
குணேஸ்வரி கனகசபை


கிள்ளான்
11 மார்ச் 2025

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

நலமாக இருக்கிறேன். சர்க்கரை ஏறி இறங்குகிறது. முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள், பலகாரக் கடையைத் தாண்டும்போது எனக்கே சொல்லிக்கொள்ள மறந்துவிடுகிறேன். உங்கள் முழங்காலுக்குச் சூடு வையுங்கள், ஐஸ் வேண்டாம்.

அட்டைகளை அனுப்ப மாட்டேன். ஆட்டம் முடியவில்லை, முறையும் என்னுடையது. எழுந்து போனவர் தோற்றவர் என்று எந்த விதியிலும் இல்லை. இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டேன்.

இதோ, நான்கு பச்சை அட்டை வைத்திருக்கிறேன். கிம்மாஸுக்கும் குவா மூசாங்குக்கும் நடுவே நான்கு கட்டம் காலியாக இருந்தது, ஞாபகம் இருக்கிறது. அங்கே என் சிவப்பு வண்டிகளை வையுங்கள். ஏழு புள்ளி எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத்தை மடித்து வைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மலர் சாப்பிடுகிறாள். போனை ஏன் எடுப்பதில்லை என்று நான் கேட்கவில்லை. அன்று நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. இதற்கு மேல் எழுதினால் இந்தக் கடிதமும் அந்த போன் மாதிரி ஆகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
20 மார்ச் 2025

மதிப்புக்குரிய சம்பந்திக்கு,

சுகம். சூடு வைத்தேன், கொஞ்சம் பரவாயில்லை.

வரைபடம் மேசையில் அப்படியே இருக்கிறது. மடிக்கவில்லை. நான் மேசையின் ஒரு மூலையில்தான் சாப்பிடுகிறேன். உங்கள் நான்கு வண்டிகளை வைத்தாயிற்று.

விளையாடுவதென்றால் ஒழுங்காக விளையாடுவோம். அட்டைக் கட்டு என்னிடம் இருக்கிறது. நீங்கள் எடுக்கும் அட்டைகளை நான் பார்க்காமல் பழுப்புத் தாளில் சுற்றி அனுப்புவேன். ஒரு கடிதத்துக்கு மூன்று முறை ஆடலாம்; உங்கள் மீதி இரண்டு முறைக்கு நான்கு அட்டை இத்துடன் வருகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு அட்டை எடுக்கலாம். அல்லது, ஒரே நிற அட்டைகளைக் கொடுத்து ஒரு பாதையில் வண்டி வைக்கலாம். ஒருவர் வைத்த பாதையில் மற்றவர் வைக்க முடியாது. யாருக்காவது வண்டி தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. பிறகு ஊர்ச் சீட்டுகளைத் திறப்போம். சீட்டில் உள்ள இரண்டு ஊர்களை இணைத்திருந்தால் அந்தப் புள்ளி கூடும், இல்லாவிட்டால் அவ்வளவும் கழியும்.

நீங்கள் ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்று கிடைத்ததையெல்லாம் பிடிக்கிறீர்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளிதான். ஆறு கட்டத்துக்குப் பதினைந்து. அட்டை சேரும்வரை பொறுத்திருப்பதுதான் இந்த விளையாட்டு.

எந்த வார்த்தை என்று நான் கேட்கப் போவதில்லை. விளையாட்டில் உங்களுக்குத் தப்பான பாதையைக் காட்டிவிட்டாள் என்று எல்லோர் முன்னாலும் "மூளை இருக்கா உனக்கு?" என்று அருணன் மலர்விழியைப் பார்த்துக் கத்தியது பிழை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்று நான் வாய் திறந்தது உங்கள் மகளுக்காக. அதற்கு இதுதான் பலன் என்றால் இருக்கட்டும். இனிப் பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டாம். விளையாட்டை மட்டும் எழுதுவோம்.

குணேஸ்வரி


கிள்ளான்
4 ஏப்ரல் 2025

சம்பந்திக்கு வணக்கம். வெயிலில் வெளியே போகாதீர்கள்.

அட்டைகள் கிடைத்தன. இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு. இந்தக் காலத்தில் வீட்டுக்கு வரும் தபால் எல்லாம் தண்ணீர் பில், கரண்ட் பில். பழுப்புத் தாளைக் கிழிக்காமல் பிரித்து மடித்து வைத்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா?

என்னைச் சில்லறை ஆட்டக்காரி என்று சொல்லிவிட்டீர்கள். நீங்கள் கையில் இருபது அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் பெரிய ஆட்டமா? சேர்த்து வைத்த அட்டைக்கு ஒரு புள்ளியும் கிடையாது, சம்பந்தி. ஒரு கட்டம் என்றாலும் வைத்தால் வைத்ததுதான், வருகிறவர் சுற்றித்தான் போக வேண்டும். கிள்ளான்–கோலாலம்பூர் எனக்கு. ஒரு வெள்ளை அட்டை இதோ. அத்துடன் இரண்டு முறை அட்டை எடுக்கிறேன், நான்கு அனுப்புங்கள்.

கட்டு உங்கள் வீட்டில் இருக்கிறது. நீங்கள் எட்டிப் பார்க்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எத்தனையோ விஷயத்தில் உங்கள்மேல் கோபம் இருக்கிறது, ஆனால் இதில் ஏனோ சந்தேகமே வரவில்லை.

பிள்ளைகளைப் பற்றி எழுதவில்லை, பார்த்தீர்களா? மலருக்குச் சளி, இப்போது தேவலாம் என்பதையும் எழுதவில்லை.

புத்தாண்டு வாழ்த்து.
இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
24 ஏப்ரல் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் வாழ்த்துக்கு நன்றி. நான் சுகம். சளிக்கு மல்லித் தண்ணீர் நல்லது. யாருக்கு என்று நான் எழுதவில்லை.

ஒரு பிழை நடந்துவிட்டது. உங்களுக்கு அனுப்பிய நான்கு அட்டைகளைக் கட்டின் மேலிருந்து எடுத்திருக்க வேணும். நான் கட்டைத் தலைகீழாக வைத்திருந்து அடியிலிருந்து எடுத்துவிட்டேன். உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள், வேறு தருகிறேன்.

என் தங்கை ஜனகா அப்போது வந்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பேசினாள். அரை மணி நேரம் பேசினாள். சாப்பிட உட்கார்ந்த பிறகும் விடாமல் பேசினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு அட்டைக்காக இந்த வயதில் எனக்கு இது தேவையா?

ஜோகூர் பாரு–கிம்மாஸ் ஆறு கட்டம், ஆறு நீலம். பதினைந்து புள்ளி. பொறுத்திருந்ததன் பலன். மற்ற இரண்டு முறையும் அட்டை எடுத்தேன்.

குணேஸ்வரி


கிள்ளான்
6 மே 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

நலம். அட்டை அடியிலிருந்து வந்தால் என்ன, மேலிருந்து வந்தால் என்ன, இரண்டும் எனக்கு உதவாததுதான். திருப்பி அனுப்பவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று எனக்குப் புரியவில்லை. தங்கை வந்து அரை மணி நேரம் பேசினாள், சாப்பாட்டிலும் பேசினாள் என்கிறீர்கள். அதற்குப் போய் அழுவார்களா? என் தங்கை பினாங்கில் இருக்கிறாள். போனில் இரண்டு நிமிடம் பேசினாலே பெரிய விஷயம், "கா, குக்கர் விசில் அடிக்குது லா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவாள். உங்கள் தங்கையை இங்கே அனுப்பிவையுங்கள். நாள் முழுக்கப் பேசட்டும், டீ போட்டுக் கொடுத்து உட்கார்ந்து கேட்கிறேன்.

ஆறு கட்டத்தைப் பார்த்து வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். ஈப்போ–பட்டர்வொர்த் மூன்று கட்டம் எனக்கு.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
15 மே 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை ஜனகாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ காலம்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் பேசுவது என்றால் ஏசுவது. உங்கள் பக்கம் திட்டுவது என்பீர்கள். நீங்கள் பேசுவதை நாங்கள் கதைப்பது என்போம். ஜனகா என்னோடு கதைத்திருந்தால் நான் ஏன் அழப்போகிறேன்? அவள் என்னைப் பேசினாள்! நிலக் கந்தோரில், அதுதான் லேண்ட் ஆபீஸில், வேலை செய்த காலம் முழுக்க வெளியாரோடு உங்களைப் போலத்தான் சொல்வேன். வீட்டு ஆட்களோடு என்றால் நாக்கு தன் பாட்டில் பழைய பாதைக்குப் போய்விடும்.

ஈப்போ–தஞ்சோங் மாலிம் எனக்கு. வடக்கே இருந்து உங்கள் பட்டர்வொர்த்தைத் தொடாமல் சுற்றி ஒரு பாதை இறங்கி வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இன்னும் கொஞ்சம்தான்.

உங்கள் சர்க்கரை எப்படி?

குணேஸ்வரி


கிள்ளான்
30 ஜூன் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் எழுதத் தாமதம், அதற்குக் காரணம் நான்தான். இந்தக் கவரில் அட்டை எதுவும் இல்லை. தேடாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். அன்று மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகம் கழுவப் போனாள். நான் அவளுக்குத் துண்டு கொடுக்கப் பின்னாலேயே போனேன். அப்போது ஹாலில் நீங்கள் உங்கள் மகனிடம் சத்தமாகச் சொன்னீர்கள்: "நீ இனி அவளைப் பேசாதை, சொல்லிப்போட்டன்."

நாங்கள் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மலர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கேட்டதற்கும் பதில் இல்லை. பெற்ற தாய் பேசாதே என்றாள், பிள்ளை கேட்டுவிட்டான் என்று நினைத்தோம். அதன் பிறகுதான் "வாங்கம்மா போகலாம்" என்றாள். மாப்பிள்ளை அனுப்பிய மெசேஜ் எல்லாம் கத்தியதற்கு சாரி என்றுதான் வந்தது. இதைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் என்னோடு யாழ்ப்பாணத்து சிஸ்டர்கள் எத்தனையோ பேர் வேலை செய்தார்கள். எங்களோடு அவர்கள் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே கேட்டிருக்கலாம். என்ன பதில் வரும் என்று தெரிந்துவிட்டது, அதனால்தான் கேட்கவில்லை. மகள் வீட்டில் இருக்கிறாள், காலையில் பேச ஆள் இருக்கிறது. அதுவும் ஒரு காரணம் என்று உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
3 ஜூலை 2025

இராஜம்மா,

திட்டாதே என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்வேன்? இனி அவளைத் திட்டாதே, சொல்லிவிட்டேன் என்றேன். அவள் கண் கலங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை.

புருஷனை மனைவியோடு கதைக்கவிடாத மாமியார் என்றா இத்தனை மாதம் என்னை நினைத்திருந்தீர்கள்? அப்படி நினைத்துக்கொண்டும் என் முழங்காலைப் பற்றி விசாரித்தீர்களே. எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை.

அவளிடம் சொல்லுங்கள். நானே அழைக்கலாம். ஆனால் இந்த முறையும் அவள் எடுக்காவிட்டால் என்னால் தாங்க முடியாது. அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதை ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை.

குணேஸ்வரி


கிள்ளான்
28 ஜூலை 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதம் வந்த அன்றே சொல்லிவிட்டேன். உங்கள் கையெழுத்தையும் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். "அத்தை எனக்காகத்தான் சொன்னாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அழுதாள். சரி, எல்லாம் தீர்ந்தது, நாளைக்கே பையைக் கட்டுவாள் என்று நினைத்தேன்.

கட்டவில்லை. மறுநாள் காலையில் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

"அத்தை திட்டாதன்னு சொன்னாங்க, சரிம்மா. அவரு ஏன் பேசவே இல்ல? அத்தை சொன்னது அவருக்குப் புரிஞ்சதுதானே? திட்டாதன்னா வாய மூடிக்கிறதா? ஒண்ணு கத்துறது, இல்லன்னா சும்மா இருக்கிறது. நடுவுல எதுவுமே தெரியாதா அவருக்கு? ரவாங் வீட்லயும் இப்படித்தான்மா இருந்துச்சு."

அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? உங்களுக்குத் தெரியுமா?

ஆட்டத்துக்கு வருகிறேன். என் வண்டி தீரப் போகிறது. கடைசியாக எதையாவது பிடிப்போம் என்று பார்த்தால், ரவாங்–கோலாலம்பூர் ஒரே கட்டம், அனாதையாகக் கிடந்தது. ஒரு சிவப்பு அட்டை இதோ. நீங்கள் மிச்சம் உள்ளதை ஆடி முடித்துக் கணக்குப் பாருங்கள். என் ஊர்ச் சீட்டுகளும் உள்ளே இருக்கின்றன.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இராஜம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள் வென்றுவிட்டீர்கள். உங்களுக்கு எழுபத்தெட்டு, எனக்கு எழுபத்தைந்து.

பாதைகளில் நான்தான் முன்னால். மிக நீளமாகத் தொடர்ந்த பாதைக்கான பத்துப் புள்ளியும் எனக்கே. ஆனால் படாங் பெசாரிலிருந்து ஜோகூர் பாரு வரை என்ற பெரிய சீட்டு என்னிடம் இருந்தது. இருபது புள்ளி. மேலிருந்து ரவாங் வரைக்கும் வந்துவிட்டேன். கீழே இருந்து கோலாலம்பூர் வரைக்கும் வந்துவிட்டேன். நடுவில் அந்த ஒரு கட்டம்தான் பாக்கி. ஒரு அட்டை போதும், எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம், யார் எடுக்கப்போகிறார்கள் என்று மாதக்கணக்காக விட்டுவைத்தேன். அந்த அட்டை முதல் நாளிலிருந்து என் கையில் இருந்தது. இருபதும் கழிந்தது.

உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் கேட்டீர்கள். போன கிழமை அருணனை வரச்சொல்லி உங்கள் கடிதத்தை வாசிக்கக் கொடுத்தேன். "நீ கிள்ளானுக்குப் போய் அவளோடை கதை" என்றேன். முப்பத்து நான்கு வயது ஆண்பிள்ளை, என்னைப் பார்த்து, "என்னத்தை அம்மா கதைக்கிறது?" என்று கேட்டான். கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அவன் அப்பா வேலையால் வீட்டுக்கு வந்தால் ஒன்று பேசுவார், இல்லாவிட்டால் பேப்பரை விரித்துக்கொள்வார். சத்தம் இல்லாத நாள் நல்ல நாள் என்று நானும் அவனும் நினைத்தோம். ஒரு ஆணும் பெண்ணும் உட்கார்ந்து கதைப்பதை அவன் இந்த வீட்டில் பார்க்கவே இல்லை, இராஜம்மா. அவனுக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

"தெரியாது எண்டதையே போய்ச் சொல்லு" என்றேன். ஞாயிறு ரயிலில் வருவான். உள்ளே விடுவதும் விடாததும் மலர்விழியின் இஷ்டம்.

குணேஸ்வரி


கிள்ளான்
16 செப்டம்பர் 2025

அத்தைக்கு,

மலர்விழி எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

நீங்களும் அம்மாவும் தபாலில் எழுதிக்கொண்டதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் இதுதான் வந்தது. போனை எடுத்தால் அழுதுவிடுவேன், அதுதான் உண்மை.

அவர் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். முதல் வாரம் வாசலில் நின்றுகொண்டே, "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார். அதைச் சொல்லவே இரண்டு மணி நேர ரயிலா என்று எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அடுத்த வாரம் குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொன்னார். அதற்கடுத்த வாரம், வாசல் கேட் திறக்கும் சத்தத்தை வைத்தே மாமா அன்று எப்படி இருப்பார் என்று சின்ன வயதில் கண்டுபிடித்துவிடுவாராம், அதைச் சொன்னார். இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், எனக்கு அது தெரியாது. நானும் சிலதைச் சொன்னேன். அவர் கத்தவில்லை, எழுந்தும் போகவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

ரவாங்குக்கு எப்போது போவேன் என்று கேட்காதீர்கள், அத்தை. போவேனா என்றே இன்னும் தெரியவில்லை. நான்கு ஞாயிறு நன்றாக இருந்தால் போதாது. பார்க்க வேண்டும்.

ஆனால் அது முடிவாகும் வரை உங்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. உங்களுக்கு என்னைப் பிடிக்கும் என்று எழுதியிருந்த அந்த வரியை அம்மாவிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். நானும் உங்களிடம் அதைச் சொன்னதில்லை.

சனிக்கிழமை மதியம் வருகிறேன். கூடுதலாக எதுவும் சமைக்க வேண்டாம், நீங்கள் சாப்பிடுவதில் கொஞ்சம் போதும். அவரை அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் உங்களைப் பார்க்கத்தான் வருகிறேன்.

மலர்